பன்னிரண்டாம் மாத ஊசி: தட்டம்மை வந்த வீட்டிலிருந்து

தட்டம்மை முதல் மூன்று நாள் தட்டம்மையாகத் தெரியாது. காய்ச்சல், மூக்கொழுகல், வறட்டு இருமல், கண் சிவந்து நீர் வடிதல், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர் முடிந்து காற்று மாறும் மாதங்களில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும். பனாடோ (பாரசிட்டமால்) சிரப் கொடுத்து, கிரெஷுக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) ஒரு நாள் அனுப்பாமல் வைத்திருந்து, காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் அனுப்பிவிடுகிறோம். நோய் பரவுவதே அந்த நாட்களில்தான். உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பே தொற்று வெளியேறத் தொடங்கிவிடும். தடிப்பு வந்த பிறகும் 4 நாள் தொடரும். நோயுள்ள பிள்ளை ஒரு அறையில் இருந்துவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். தடுப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இது வந்தது 14 மாதக் குழந்தைக்கு. இங்கே தட்டம்மை ஊசி 6 மாதத்தில் ஒன்று, 12 மாதத்தில் ஒன்று. ஆறாம் மாத ஊசி போட்டிருந்தது. பன்னிரண்டாம் மாத ஊசிக்குப் போனபோது, அன்றைக்கு அந்த ஊசிக்கு வந்தது ஒரே பிள்ளைதான், பல டோஸ் உள்ள குப்பியைத் திறந்தால் மீதி வீணாகும், அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் மருந்து இருப்பில் இல்லை. அதற்கப்புறம் வந்தது நோய். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இதை எழுதுவது கோபத்தைக் கொட்ட அல்ல. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இதே நிலையில் இருக்கும் தாய்தகப்பன்மாருக்கு எந்த நாளில் என்ன நடக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

முதலில் கண்டுபிடிப்பது. இரண்டாம் மூன்றாம் நாளில், தடிப்பு வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, வாய்க்குள் கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த தோலின் மேல் உப்புக்கல் அளவு வெண்புள்ளிகள் வரும். கோப்லிக் புள்ளிகள் என்பார்கள். கைப்பேசி விளக்கை அடித்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால் தெரியும். வேறு நோயில் இவை வருவதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் தெரியாது என்பதால், புள்ளி இல்லையே என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். தடிப்பு காதுக்குப் பின்னாலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் ஆரம்பிக்கும். பிறகு முகம், கழுத்து, மார்பு, வயிறு, கடைசியில் கைகால் என்று மூன்று நாளில் இறங்கும். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு கைக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில் சன்னலருகே வைத்துப் பார்ப்பது நல்லது. நீர் கோத்த கொப்புளம் இருந்தால் அது சின்னம்மை, வேறு நோய். தட்டம்மையில் கொப்புளம் வராது. தடிப்பு வரும் நாளில் காய்ச்சல் இறங்காமல் 40 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இந்த இடத்தில்தான் பெற்றவர்கள் ஆடிப்போகிறார்கள்.

அன்றைக்கே கிளினிக்குக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் நேரே போய் வரிசையில் உட்காரக் கூடாது. நம் கிளினிக்குகளில் விடியற்காலையிலேயே வரிசை சேர்ந்துவிடும். அதில் ஆறு வாரக் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள். முதலில் போன் செய்து, பிள்ளைக்குக் காய்ச்சலோடு தடிப்பு, தட்டம்மையாக இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். போன் எடுக்காவிட்டால் ஒருவர் பிள்ளையோடு வெளியே காரிலோ மரத்தடியிலோ நிற்க, மற்றவர் உள்ளே போய் சிஸ்டரிடம் சொல்லலாம். காய்ச்சல், தடிப்பு, இருமல் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் பிள்ளையைத் தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள். இந்த நாட்டில் தட்டம்மை, சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய முதல் வகை நோய். அரசு கிளினிக், தனியார் மருத்துவர் இருவருக்கும் அந்தக் கடமை உண்டு. “இது ஏதோ வைரஸ், இரண்டு நாளில் போய்விடும்” என்று ரத்தம் எடுக்காமல் அனுப்பினால், தட்டம்மைக்கு அறிவிப்புப் படிவம் போட்டீர்களா என்று கேளுங்கள். இளம் மருத்துவர்களில் பலர் தட்டம்மை நோயாளியை நேரில் பார்த்ததே இல்லை. தடுப்பூசித் திட்டம் அவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ரத்த மாதிரி ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குப் போகும், தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்தும் எடுப்பதுண்டு. தடிப்பு வந்த முதல் மூன்று நாளில் எடுத்த ரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இன்னும் தெரியாமல் போகலாம். அந்த நேரத்து “இல்லை” என்ற முடிவை முழுதாக நம்பி, பிள்ளையைக் கூட்டத்துக்குள் விட்டுவிடக் கூடாது. முடிவு வரப் பல நாள் ஆகும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

சிகிச்சையில் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது விட்டமின் ஏ. தட்டம்மை உடம்பில் உள்ள விட்டமின் ஏ இருப்பை உறிஞ்சி எடுத்துவிடும். கண்பார்வை போவதும் நுரையீரல் அழற்சி முற்றுவதும் அதனோடு சேர்ந்தவை. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1,00,000, ஒரு வயதுக்கு மேல் 2,00,000. நோய் தெரிந்த நாளில் ஒன்று, மறுநாள் ஒன்று என்று இரண்டு டோஸ். காப்ஸ்யூலின் நுனியை வெட்டி வாயில் பிழிந்து விடுவார்கள். மறுநாள் டோஸை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லலாம், அதற்காக இன்னொரு தடவை வரிசையில் நிற்க வேண்டாம். போன மாதம்தானே ஆறு மாதத்துக்கொருமுறை தரும் வழக்கமான சொட்டு கொடுத்தோம் என்று சிலர் மறுப்பார்கள். தட்டம்மை என்றால் முன்பு எப்போது கொடுத்திருந்தாலும் மறுபடி கொடுக்க வேண்டும், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அது. கண்ணில் பாதிப்பு தெரிந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது டோஸும் உண்டு. கொடுத்த தேதியை ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் (பிள்ளையின் ஊசியும் எடையும் பதியும் புத்தகம்) எழுத வையுங்கள்.

வைரஸைக் கொல்லும் மருந்து இதற்குக் கிடையாது. ஆன்டிபயாடிக் கேட்டு அலைய வேண்டாம். காதில் சீழ், நிமோனியா என்று பாக்டீரியா சேர்ந்தால்தான் அது தேவை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், பிள்ளையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஆறு மில்லிக்குச் சற்று மேல். புட்டிக்குப் புட்டி செறிவு மாறும், லேபிளைப் படித்துவிட்டு சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கால் கப் முதல் அரைக் கப் வரை. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்திவிட்டு, பிறகு கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, அதனால் அளவில் ஊகம் வேண்டாம்.

ஆயாமார், அதாவது பாட்டிமார், சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மை என்றால் நம் வீடுகளில் மாரியம்மன் நினைவு வராமல் இருக்காது. ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த பக்தியின் ஆழம் தெரியும். விளக்கேற்றுவதும் வேப்பிலை கட்டுவதும் எந்த மருந்துக்கும் தடை இல்லை. தடையாவது மூன்று வழக்கங்கள். ஒன்று, ஊசி மருந்து ஆகாது என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது. இரண்டு, கண்ணில் இலைச்சாறோ மஞ்சள் நீரோ விடுவது. தட்டம்மையில் கண்ணின் கருவிழி ஏற்கெனவே புண்பட்டிருக்கும், அதில் வெளிச்சாறு பட்டால் பார்வையே போகலாம். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு துணியாக, மூக்கிலிருந்து காதுப் பக்கம் துடைத்தால் போதும். மூன்று, பத்தியம் என்று முட்டையையும் எண்ணெயையும் நிறுத்துவது. இந்த நேரத்தில்தான் பிள்ளைக்குச் சாப்பாடு அதிகம் வேண்டும். மஞ்சள் பூசணி, பட்டர்நட் பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட், கீரை, பப்பாளி, முட்டை எல்லாவற்றிலும் விட்டமின் ஏ இருக்கிறது. துளி எண்ணெய் சேர்த்தால்தான் காய்கறியிலிருப்பது உடம்பில் ஒட்டும். மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி நல்லது. 2003 முதல் இந்த நாட்டில் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் விட்டமின் ஏ சேர்ப்பது சட்டம். வாய் புண்ணாக இருப்பதால் ஆறவைத்து, தளர்வாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அடிக்கடி கொடுங்கள். வீட்டில் பூசை வைத்து ஆட்களைக் கூப்பிடுவதை மட்டும் தடிப்பு வந்து 4 நாள் தாண்டும் வரை தள்ளிவையுங்கள். கைக்குழந்தையோடு வரும் உறவுக்கார மருமகள்தான் அங்கே முதலில் மாட்டுவாள்.

தடிப்பு வந்து நாலாவது நாளில் காய்ச்சல் தணியத் தொடங்க வேண்டும். தணிந்து மறுபடி ஏறினாலோ, தணியவே இல்லாவிட்டாலோ, வேறு தொற்று சேர்ந்திருக்கலாம். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள், பிள்ளை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து. 2 முதல் 12 மாதம் வரை நிமிடத்துக்கு 50ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காதீர்கள். குடிக்க முடியாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் முழுசாக விழிக்காத மயக்கம், அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரகரப்புச் சத்தம், கருவிழியில் மேகம் படர்ந்தாற்போல் மங்கல், வாயில் ஆழமான புண் என இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரி. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. கூடவே புத்தகம், கொடுத்த மருந்தின் பெயரும் நேரமும் எழுதிய தாள். சுமார் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளை அழற்சி வருகிறது. நிமோனியாதான் அதிகம் கொல்வது.

அதே நாளில் மறந்துவிடும் இன்னொரு வேலை, சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பது. அந்தப் பதற்றத்தில் யாருக்கும் இது தோன்றாது, ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். தொற்றுக்கு ஆளாகி 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்பு உண்டு. ஊசிக்கு வயதாகாத பச்சைக்குழந்தை, தடுப்பாற்றல் இல்லாத கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர் ஆகியோருக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்பொருள் மருந்து) கொடுக்க முடியும். கர்ப்பிணிக்கு இந்தத் தடுப்பூசி போடக் கூடாது, அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். எனவே தட்டம்மை என்று சந்தேகம் வந்த அன்றே கடந்த 4 நாளில் பிள்ளை போன இடங்களை எழுதுங்கள். கிரெஷ், டாக்சி, கடை, அக்கா வீடு, கோயில். கிரெஷ் நடத்துபவருக்கும் உறவுக்காரருக்கும் உடனே சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் அந்த 72 மணி நேரம் அவர்கள் அறியாமலே போய்விடும்.

பணத்தை எடுத்துக்கொண்டால், ஊசி இலவசம், நோய்தான் செலவு. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 1994லிருந்து அரசு மருத்துவம் இலவசம் என்பதால் ஆஸ்பத்திரி பில் வராது. போவது வேறு வழியில். முதல் மூன்று நாளில் நோய் தெரியாமல் தனியார் மருத்துவரிடம் கட்டும் பணம், தேவையில்லாத ஆன்டிபயாடிக், விடுப்பு எடுத்தாலும் கட்ட வேண்டிய கிரெஷ் கட்டணம், டாக்சி. எல்லாவற்றையும் விடப் பெரியது சம்பளம். காய்ச்சல் தொடங்கி பிள்ளை மறுபடி வெளியே போகும் வரை ஒரு வாரத்துக்கு மேல், பத்து நாள் வரை கணக்கு வையுங்கள். தொழிலாளர் சட்டப்படி பிள்ளையின் நோய்க்காகக் குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு 3 நாள்தான். அதுவும் நாலு மாதத்துக்கு மேல் வேலையில் இருந்து, வாரத்தில் நாலு நாளாவது வேலை செய்பவருக்கே. கணவன் மனைவி இருவருக்கும் அந்த உரிமை தனித்தனியாக உண்டு, முன்கூட்டியே திட்டமிட்டு மாற்றி மாற்றி எடுங்கள். சான்றிதழில் “தட்டம்மை, தடிப்பு தோன்றி 4 நாள் வரை தனிமை” என்று மருத்துவரிடம் தேதி போட்டு எழுதி வாங்கினால் மேலாளரிடம் வாதாட வேண்டியிருக்காது.

இவ்வளவையும் ஒரு ஊசி தடுக்கும். அந்த ஊசி எங்கே தவறுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். 1963ல் தட்டம்மைத் தடுப்பூசி வருவதற்கு முன் உலகில் வருடத்துக்குச் சுமார் 26 லட்சம் பேர் இந்த நோயில் செத்தார்கள். 2023ல் அது 1,07,500 என்று மதிப்பீடு. 2000 முதல் 2023 வரை மட்டும் 6 கோடிக்கு மேல் உயிர்கள் இந்த ஊசியால் காப்பாற்றப்பட்டன. 1974ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் ஐம்பது வருடத்தில் காத்த உயிர்களில் பெரும்பங்கு தட்டம்மை ஊசியால்தான். தென்னாப்பிரிக்காவில் இந்த ஊசி 1975ல் வந்தது. 1995ல் நாடு முழுக்க ஒரே திட்டமாகி, 9 மாதத்திலும் 18 மாதத்திலுமாக இரண்டு டோஸ் ஆனது. 1996, 97ல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாடெங்கும் கூட்டாகப் போட்டார்கள், நோய் சடாரென்று விழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளி சேரும்போது திரும்ப வந்தது. 2009 முதல் 2011 வரை ஆய்வில் உறுதியானவர்களே 18,000க்கு மேல். அப்போது ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகள் நிறையப் பாதிக்கப்பட்டார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், குறிப்பாக எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைகளுக்கு, சீக்கிரம் தீர்ந்துபோகிறது. அந்தப் பாடத்துக்குப் பிறகு 2016லிருந்து அட்டவணை 6 மாதம், 12 மாதம் என்று மாறியது. 2024லிருந்து அதே வயதுகளில் ருபெல்லாவும் (ஜெர்மன் தட்டம்மை) சேர்ந்த எம்.ஆர். ஊசி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 6 மாதத்தில் போடும் டோஸ் பச்சைக்குழந்தையைக் காப்பதற்கு, ஆனால் தாயின் எதிர்ப்பொருள் மிச்சம் இருப்பதால் எல்லாப் பிள்ளைக்கும் முழுசாகப் பிடிக்காது. 12 மாத டோஸ்தான் உறுதிப்படுத்துவது. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல பாதுகாப்பு. முதல் ஊசி போட்டாயிற்றே என்ற நிம்மதி இங்கே பொய் நிம்மதி. தவறுவதும் இந்த 12 மாத டோஸ்தான். காரணம் வெளிப்படை. 6, 10, 14 வார ஊசிகளின்போது தாய் பெரும்பாலும் பேறுகால விடுப்பில் இருப்பாள், கிளினிக் பழக்கம் இருக்கும். 9 மாதத்தில் நிமோகாக்கல் ஊசி, பிறகு 18 மாதத்தில்தான் அடுத்த பெரிய ஊசி. நடுவே 12 மாதத்தில் தட்டம்மை ஊசி மட்டும் தனியாக நிற்கிறது. அப்போது தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், பிள்ளை ஆயாவிடமோ கிரெஷிலோ இருக்கும். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் இதன் மேல் 2020ன் கோவிட் முடக்கம், 2021 ஜூலைக் கலவரத்தில் சூறையாடப்பட்ட மருந்தகங்கள், 2022 ஏப்ரல் வெள்ளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2022 அக்டோபரில் லிம்போபோ மாகாணத்தில் தொடங்கிய பரவல் பெரும்பாலான மாகாணங்களுக்குப் போய், 6 மாதம் முதல் 15 வயது வரை கூடுதல் டோஸ் போட வேண்டியதாயிற்று. பரவலை நிறுத்தச் சமூகத்தில் நூற்றுக்கு 95 பேர் இரண்டு டோஸும் எடுத்திருக்க வேண்டும். 80 பேர் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். தட்டம்மைக்கு அந்த மீதி 20 போதும்.

இனி குப்பி விஷயம். ஊசி மருந்து காய்ந்த தூளாக, ஒரு குப்பியில் பல டோஸ் சேர்ந்து வரும். அதே தயாரிப்பாளரின் கரைப்பானில்தான் கலக்க வேண்டும். தூளில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து சேர்ப்பதில்லை, அதனால் கலந்து 6 மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய ஊசி முடியும்போது, எது முந்தியோ அப்போது தூக்கி எறிந்துவிட வேண்டும். வைத்திருந்து மறுநாள் போட்டால் உள்ளே வளர்ந்த பாக்டீரியா பிள்ளையைக் கொல்லலாம். ஆகவே சிஸ்டர்கள் குப்பியைத் திறக்கத் தயங்குவதன் காரணம் புரிகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு தெளிவு. ஒரு பிள்ளை வந்தாலும் திறக்க வேண்டும், மருந்து வீணாவதை விடப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதன் விலை பெரிது. எனவே முதல் வேலை, போகும் முன் போன் செய்து தட்டம்மை ஊசி இருப்பில் இருக்கிறதா, எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்பது. இரண்டாவது, தெருவிலோ கிரெஷிலோ அதே வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போவது. அப்போது குப்பிப் பேச்சே எழாது. அப்படியும் திருப்பி அனுப்பினால் சத்தம் போட வேண்டாம். “சிஸ்டர், இன்றைக்கு முடியாதென்றால் எந்தத் தேதி என்று இந்தப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்” என்று புத்தகத்தை நீட்டுங்கள். எழுதித் தரும்படி கேட்டாலே பெரும்பாலும் குப்பி திறந்துவிடும். திறக்காவிட்டால் கிளினிக் மேலாளரைப் பார்க்கலாம், அல்லது அன்றே அடுத்த கிளினிக்குக்குப் போகலாம். எந்த அரசு கிளினிக்கிலும் போட்டுக்கொள்ளலாம், முகவரி தடையில்லை. சில மருந்தகக் கிளினிக்குகளிலும் போடுகிறார்கள், செவிலியர் கட்டணம் கேட்பார்கள்.

குளிர்ச்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெப்பமும் வெளிச்சமும் கெடுக்கும். மின்வெட்டுக் காலத்தில் இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வந்தது. குப்பியில் சின்ன வட்டத்துக்குள் சதுரம் ஒன்று இருக்கும். சதுரம் வட்டத்தை விட வெளிறியிருந்தால் நல்ல மருந்து, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதை விடக் கருத்தாலோ வெப்பம் பட்டுவிட்டது. காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை, நல்ல சிஸ்டர்கள் மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள்.

ஊசி போட்ட அன்று பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. 7 முதல் 12 நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம், சிலருக்கு லேசான தடிப்பும் வரும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும், மற்றவருக்குப் பரவாது. இது தெரியாததால்தான் “ஊசி போட்டதால் அம்மை வந்தது” என்ற பேச்சு. ஆட்டிசம் வரும் என்ற கதை 1998ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அந்த ஆய்வை இதழே 2010ல் திரும்பப் பெற்றது, அவர் மருத்துவப் பதிவை இழந்தார். 2017ல் தமிழ்நாட்டில் எம்.ஆர். ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய பயமுறுத்தல்கள் இன்னும் நம் குடும்பக் குழுக்களில் சுற்றுகின்றன. அனுப்புகிறவர் அன்பினால்தான் அனுப்புகிறார். அவரிடம் பொறுமையாகப் பேசுங்கள், ஆனால் பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் போடலாம்.

புத்தகம் தொலைந்துவிட்டது, போட்டதா இல்லையா தெரியவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு போடுவார்கள். கூடுதல் டோஸ் தீங்கு செய்யாது. இரண்டும் தவறிய பெரிய பிள்ளைக்கு 4 வாரம் இடைவெளி விட்டு இரண்டு டோஸ். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டியது, அங்கே முதல் டோஸ் 9 முதல் 12 மாதத்தில், இரண்டாவது 16 முதல் 24 மாதத்தில். இடம் மாறும்போது இரண்டாவது விழாமல் போய்விடும், இந்திய அட்டையை இங்குள்ள கிளினிக்கில் காட்டிப் புதுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் சேர்க்க மறுக்காமல் போட்டுக்கொள்ளும்படி சொல்வார்கள். அந்தக் கட்டம் வரை காத்திருப்பது ஐந்தாறு வருடம் தாமதம்.

நோய் போன பிறகும் சில மாதம் கண் வைத்திருங்கள். தட்டம்மை உடம்பின் பழைய நோயெதிர்ப்பு நினைவையே அழிக்கிறது. 2019ல் வந்த ஓர் ஆய்வில், நோய்க்குப் பிறகு பிள்ளைகள் மற்ற கிருமிகளுக்கு எதிராக வைத்திருந்த எதிர்ப்பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். அதனால் அடுத்தடுத்து காதுவலி, சளி, வயிற்றுப்போக்கு என்று வரும், பெற்றவர்கள் தங்கள் கவனிப்பில் குறை என்று நினைத்துச் சோர்ந்துபோவார்கள். குறை கவனிப்பில் இல்லை. எடையை மாதம் ஒருமுறை புத்தகத்தில் ஏற்றி வாருங்கள், கோடு இறங்கினால் உடனே காட்டுங்கள். இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் மிகச் சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையைத் தாக்கும் எஸ்.எஸ்.பி.இ. என்ற நோய் வருவதுண்டு. அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. அந்தப் பயத்தோடு வாழ்வது எப்படி என்று எங்களுக்கும் தெரியவில்லை, மிக அரிது என்ற எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 18 மாத ஊசியை நேரத்துக்குப் போடுங்கள். தட்டம்மை வந்து போன பிள்ளைக்கும் விடுபட்ட எம்.ஆர். டோஸை உடம்பு தேறியதும் போட வேண்டும். ருபெல்லாவுக்கு எதிரான பாதுகாப்பு தட்டம்மை நோயால் கிடைக்காது.